நாலாவது பெடல்

—மெதுவாக்கா, கால் கழண்டுடப் போகுது.

—யாரு காலு? உன் காலா, கிட்டார் காலா?

—கிட்டார் கால். என் கால் எப்பவோ கழண்டாச்சு. அதைச் சொல்லத்தான் ஓடி வந்தேன்.

—சொல்றதுக்கு முன்னாடி அந்த எட்டாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து என் கையில குடு. ரிப்பேருக்கு வந்த அந்தப் பச்சைத் தையல் மிஷின் பக்கத்துல கிடக்கு பாரு. அது இல்லடா, அது கத்தரி. ஸ்பேனருக்கும் கத்தரிக்கும் வித்தியாசம் தெரியாதவன் இவ்வளவு இரும்பு போட்ட வாத்தியத்தை எதுக்குடா வாங்கினே?

—சோம்பேறித்தனம்தான் காரணம். சாதா கிட்டாரைத் தோள்ல மாட்டிக்கிட்டு நின்னு வாசிக்கணும். இந்தப் பெடல் கிட்டார் மேஜை மாதிரி இருக்கு, உக்காந்துக்கிட்டே வாசிக்கலாம்னு நெனச்சேன். உக்காந்தப்புறம்தானே தெரிஞ்சுது! ரெண்டு கை, ரெண்டு கால், ரெண்டு முட்டி, எல்லாத்துக்கும் வேலை வெச்சிருக்கான். மூக்கு ஒண்ணுதான் சும்மா இருக்கு.

—சரி சரி, மேல சொல்லு. நான் மல்லாக்கப் படுத்திருந்தாலும் காது கேக்குது.

—முதல் பெடலை மிதிச்சா என்ன ஆகுதுன்னு அங்கேருந்து பாத்துச் சொல்லேன்.

—எனக்கே பாடமா? பெடல் கீழ போகுது, ராடை இழுக்குது. ராடு போய் அந்தக் கோடியில தந்தியைப் பிடிச்சிருக்கிற இரும்பு விரலைத் திருப்புது. தந்தி இறுகுது, சுரம் ஏறுது. காலை எடுத்தா ஸ்பிரிங் பழையபடி கொண்டு வந்து விட்டுடுது. முதல் பெடலுக்கு அஞ்சாவது தந்தியும் பத்தாவது தந்தியும். ரெண்டாவதுக்கு மூணும் ஆறும். மூணாவதுக்கு நாலும் அஞ்சும். போதுமா?

—நாலாவது பெடலுக்கு?

—நாலாவதுக்கு ராடே இல்ல.

—பாத்துட்டியா.

—மூஞ்சிக்கு நேரா இருக்குடா. கோணலா வேற மாட்டியிருக்கு.

—நானே மாட்டினது. அதான் கோணல். அக்கா, நான் ஒண்ணு சொல்லுவேன், நீ திட்டக் கூடாது.

—திட்டறது அப்புறம். சொல்லு.

—மாஸ்டர் குழுவுல நான் சேர்ந்த புதுசு. மேடையில முன்னாடி நின்னு வயலின் வாசிக்கிற மாஸ்டர், வாசிச்சுக்கிட்டே மெதுவாத் திரும்புவாரு. திரும்பி என்னை ஒரு முறை முறைப்பாரு. சுருதி இறங்குது, ஏத்துன்னு அர்த்தம்.

—இறங்குச்சா?

—யாருக்குத் தெரியும்! பெடல் மேல பழி போட முடியாது. அரை சுரம் ஏத்துன்னா அரை சுரம் ஏத்தும், நாணயமான இரும்பு. ஆனா இடது கையில ஒரு இரும்பு உருளையைப் பிடிச்சுத் தந்தி மேல வெச்சு நகர்த்தறேன் இல்ல, அது நூல் அளவு தள்ளினாலும் போச்சு. அந்தக் கை என்னோடது. என்னோடதுன்னா அதோட லட்சணம் உனக்குத் தெரியும்.

—சின்ன வயசுல ஒரு டம்ளர் தண்ணியை ஒழுங்காக் கொண்டு வர மாட்டே.

—அதே கைதான். ஒரு நாள் அவர் முறைச்ச பதட்டத்துல பெடலைத் தேடினேன். கால் இடம் தவறி வெறும் தரையை ஓங்கி மிதிச்சுட்டேன். எதுவுமே ஏறல, இறங்கல. அவர் தலையை ஆட்டினாரு. ‘ஆ, இப்ப சரி’ன்னாரு!

—தரையை மிதிச்சதுக்கா?

—சத்தியமா! அடுத்த நிகழ்ச்சியிலயும் முறைச்சாரு, தரையை மிதிச்சேன், சரின்னாரு. சரி, இந்த மனுஷனுக்குக் கண்ணுதான் காதுன்னு முடிவு பண்ணிட்டேன். ஆனா ஒரு கலைஞன் தரையை மிதிச்சா நல்லாவா இருக்கு? கரப்பான் பூச்சியை அடிக்கிறான்னு நெனைப்பாங்க. அதனால பழைய பெடல் ஒண்ணைத் தேடிப் பிடிச்சு, நாலாவதா மாட்டினேன். ராடு கிடையாது, விரல் கிடையாது, ஸ்பிரிங் மட்டும்தான். அவர் முறைக்கிறாரு, நான் டொக்குனு மிதிக்கிறேன், அவர் தலையாட்டறாரு. பன்னிரண்டு வருஷம் ஓடிப் போச்சு.

—பெரிய கெட்டிக்காரன்தான்.

—அப்படித்தான் நானும் நெனச்சுக்கிட்டிருந்தேன். ஊர் பூரா மாஸ்டர் காது மாஸ்டர் காதுன்னு கொண்டாடுது. எனக்கு மட்டும் தெரியும் அந்தக் காதோட கதைன்னு உள்ளுக்குள்ள ஒரு சிரிப்பு. என் வாழ்க்கையில நான் ஒருத்தரை விட புத்திசாலியா இருந்த ஒரே இடம் அதுதான்கா.

—இப்ப என்ன ஆச்சு? சாயங்காலம் மேடை இருக்குன்னே, மத்தியானம் கிட்டாரைத் தூக்கிட்டு வந்து நிக்கிறே.

—நாளைக்குக் காலையில மாஸ்டரோட மருமக வராங்க. இந்த வாத்தியத்தைக் கத்துக்கணுமாம். இதே கிட்டார்ல உக்காரப் போறாங்க.

—வரட்டுமே.

—அவங்க என்ன வேலை பாக்கறாங்க தெரியுமா? லிஃப்ட் சோதனை பண்ற இன்ஸ்பெக்டர்! பட்டனைப் பாத்தா அமுக்குவாங்க, அமுக்கினா எது நகருதுன்னு பாப்பாங்க, நகரலைன்னா ஏன்னு எழுதி வாங்குவாங்க. போன வாரம் மாஸ்டர் வீட்டு மிக்ஸியைக் கழட்டி, மூணாவது வேகமும் ரெண்டாவது வேகமும் ஒண்ணுதான்னு கண்டுபிடிச்சிருக்காங்க. அவங்க நாலாவது பெடலை மிதிச்சா என் கதி?

—அதனால?

—அதனால அந்தப் பெடலுக்கு எதையாவது மாட்டி விடு. எந்தத் தந்தியா இருந்தாலும் சரி, ஏறினாலும் சரி இறங்கினாலும் சரி. ஏதாவது ஒண்ணு அசைஞ்சா போதும்.

—இருக்கிறபடியே இருக்கட்டுமேடா.

—அக்கா!

—பன்னிரண்டு வருஷம் ஓடின வண்டியை எதுக்குக் கிளறணும்னு சொல்றேன்.

—அந்த வண்டியைத்தான் நாளைக்கு இன்ஸ்பெக்டர் ஓட்டிப் பாக்கப் போறாங்களே. மாட்டுக்கா. உன்னைத்தான் நம்பி வந்திருக்கேன்.

—சரி சரி, அழாதே. முதல் தந்தியும் ஏழாவதும் ஒரே சுரம்தானே? ரெண்டு விரல்லயும் ஓட்டை காலியா இருக்கு. ரெண்டையும் அரை சுரம் ஏத்தற மாதிரி பண்ணிடலாம். அந்த டப்பாவுல நீளமா ரெண்டு ராடு இருக்கும், எடு. கூடவே நைலான் நட்டு ரெண்டு. நைலான்டா, அது இரும்பு.

—இந்தா. உனக்குப் புண்ணியமாப் போகும்.

—பேசாம இரு, கொக்கி விழுந்துடும்... ம். மாட்டியாச்சு. இப்ப மிதி. மிதிச்சுக்கிட்டே தந்தியைத் தட்டு. இன்னும் ஏறணுமா?

—ஒரு துளி. இன்னும். ஆங், நிறுத்து! அக்கா, ஏறுதுக்கா! விட்டா இறங்குது! பன்னிரண்டு வருஷமா மிதிச்சதுக்கு இன்னைக்குத்தான் பதில் சொல்லுது.

—சந்தோஷமா?

—இருக்காதா? நாளைக்கு அவங்க மிதிக்கட்டும், நான் காலை ஆட்டிக்கிட்டு உக்காந்திருப்பேன்.

—நாளைக்கு இருக்கட்டும். இன்னைக்குச் சாயங்காலம் வாசிக்கிறதை இப்ப வாசி. மெதுவா இழுத்து வாசிப்பியே, அது. நான் இந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கறேன்.

—எதுக்குத் திரும்பி நிக்கிற?

—வாசிடா.

—இதோ. கேளு.

—ம்... நல்லாத்தான் இருக்கு. ம்...

—ஐயோ!

—என்னடா சத்தம் அது? பூனையை மிதிச்ச மாதிரி?

—நீ ஏன் அப்படித் திரும்பி முறைச்சே!

—மாஸ்டர் முறைக்கிற மாதிரி முறைச்சுப் பாத்தேன். உன் கால் எங்க போச்சு?

—நாலாவதுக்கு. நான் போகச் சொல்லலக்கா! அதுவாப் போயிடுச்சு.

—போகாம என்ன செய்யும். பன்னிரண்டு வருஷப் பழக்கம். இன்னொரு தடவை வாசி.

—இந்தத் தடவை காலைக் கட்டுப்படுத்திக்கறேன். நாற்காலிக் காலைச் சுத்தி வளைச்சு வெச்சுக்கறேன். நீ முறை, பாக்கலாம்... ஐயோ! மறுபடியும்!

—நாற்காலியோட சேர்ந்து மிதிக்கிறான் பாரு.

—அப்ப சாயங்காலம் என்ன பண்றது? முதல் பாட்டுலயே முறைப்பாரு. ராடு இருந்தா, பயத்துல நான் மிதிச்சு மேடையே நாறிடும். ராடு இல்லைன்னா, நாளைக்குக் காலையில என் மானம் போகும். இன்னைக்குச் சாகறதா நாளைக்குச் சாகறதான்னு கேக்கற மாதிரி இருக்கு.

—நட்டைத் தளர்த்தி விட்டா ராடும் இருக்கும், இழுக்கவும் இழுக்காது.

—சூப்பர்! அப்படியே பண்ணு!

—பண்ணலாம். ‘இந்த நட்டு ஏன் தளர்ந்திருக்கு’ன்னு அந்தப் பொண்ணு ஒரே நிமிஷத்துல முறுக்கிடும்.

—முறுக்கும். கையெழுத்தும் வாங்கும்.

—சாயங்காலத்துக்குக் கழட்டிடு. காலையில வா, மாட்டித் தரேன்.

—காலையில மாட்டி, சாயங்காலம் கழட்டி, அடுத்த நாள் மாட்டி. எத்தனை நாளைக்குக்கா? அவங்க வாரம் மூணு நாள் வராங்களாம். நான் எந்த நாள்ல எந்தப் பொய்யோட உக்காந்திருக்கேன்னு எனக்கே மறந்து போகும்.

—என்ன, மூஞ்சி தொங்கிப் போச்சு?

—ஒண்ணுமில்ல.

—சொல்லுடா.

—வெட்கமா இருக்குக்கா. இவ்வளவு நேரம் சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னேன், கேட்டா எனக்கே கேவலமா இருக்கு. யாரும் சேர்த்துக்காதப்ப அவர்தான் என்னைச் சேர்த்துக்கிட்டாரு. என்னை முதல்ல பாத்தவங்க எல்லாரும் இஸ்திரி போடறவன்னு நெனச்சாங்க. ஒரு மண்டபத்துல ஒருத்தர் சட்டையே கொண்டு வந்து நீட்டினாரு. இது வாத்தியம்யா, இவன் கலைஞன்யான்னு மைக்குல சொன்னவர் மாஸ்டர். அந்த மனுஷன் தலையாட்டினா எனக்கு அந்த வாரம் பூரா நிம்மதியாத் தூக்கம் வரும். அந்தத் தலையாட்டலைத்தான் நான் இவ்வளவு வருஷமா ஏமாத்தி வாங்கியிருக்கேன்.

—என்னடா பண்றே? யாருக்குப் போன் போடறே?

—மாஸ்டருக்கு. மேடை ஏறறதுக்கு முன்னாடி சொல்லிடறேன். சார், அந்தப் பெடல் பொய், நான் பொய், உங்க காதைக் கேலி பண்ணிக்கிட்டே உங்க பின்னாடி உக்காந்திருந்தேன்னு சொல்லிடறேன். துரத்தினா துரத்தட்டும்.

—போனை வை.

—இல்லக்கா, நானா சொல்லிட்டா ஒரு மரியாதை—

—வைடா கீழ! சொல்லித் தொலைக்காதே. சொன்னா அது வேலை செய்யாது.

—எது வேலை செய்யாது?

—உக்காரு. ஆறு வருஷமா வாயை மூடிக்கிட்டிருக்கேன், இன்னைக்கு நீ திறக்க வெச்சுட்டே. காய்ச்சல்னு கிட்டாரை இங்க போட்டுட்டுப் போனியே, ஞாபகம் இருக்கா?

—இருக்கு. மாஸ்டர்தான் வந்து எடுத்துட்டுப் போனாரு.

—எடுக்க வந்தப்ப நான் ஒரு முட்டாள், கேட்டுட்டேன். நாலாவது பெடலுக்கு ராடே இல்ல சார், மாட்டிடட்டுமான்னு.

—அக்கா!

—‘தெரியும்மா, மாட்டாதே’ன்னாரு.

—தெரியுமா? தெரியும்னா... எப்பலேருந்து?

—நீ தரையை மிதிச்ச நாள்லேருந்து. போன்ல ஒரு நிகழ்ச்சியைப் போட்டுக் காட்டினாரு. நீ வாசிக்கிறே. சுரம் அலையுது. எனக்கே கேட்டுதுடா, கொடியில போட்ட துணி மாதிரி ஆடுது. அப்புறம் டொக்குனு நீ மிதிக்கிற சத்தம். அதுக்கப்புறம் அதே சுரம், அப்படியே நேரா நிக்குது. இன்னொரு நிகழ்ச்சி போட்டாரு. அதுலயும் அலையுது, டொக்கு, நிக்குது.

—நான் பெடல்ல எதையும்...

—பெடல்ல ஒண்ணுமில்ல. மிதிச்சுட்டோம், இனிமே சரியா இருக்கும்னு உனக்கு ஒரு தைரியம். அந்தத் தைரியத்துல கை நடுக்கம் நின்னுடுது.

—அப்ப அவர் தலையாட்டினதெல்லாம்?

—நிஜமாவே சரியாத்தான் இருந்திருக்கு. ஒவ்வொரு தடவையும்.

—அப்ப அந்தக் காது... நான் கேலி பண்ணின காது... ஏன்கா, இவ்வளவு தெரிஞ்ச மனுஷன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? எதுக்கு என்னை முறைச்சு முறைச்சுக் கொல்லணும்?

—அதைத்தான் நானும் கேட்டேன். சிரிச்சாரு. ‘பத்து தந்தியை அவன் பாத்துக்குவான்மா. பதினோராவது தந்தி அவன். அவன் இறங்கினா நான்தான் ஏத்தணும், அதுக்கு என்கிட்ட இருக்கிறது அந்த ஒரு பெடல்தான். அதுல கை வெச்சுடாதே’ன்னாரு.