மதகடியில் எரிந்த கிறிஸ்துமஸ் பெட்டிகள்

ஓடுகிறேன். மார்பில் குழந்தை. கால் சேற்றில் புதைகிறது. செருப்பு போய்விட்டது. பின்னால் நாட்டுத் துப்பாக்கி வெடிக்கிறது. முதலில் துணி கிழிவது போல ஒரு சத்தம். அடுத்து ரவைகள் நெற்கதிரின் மேல் விழும் சரசரப்பு. தூறல் தொடங்கினாற்போல.

"டீச்சரம்மா, படுங்க! கீழ படுங்க!"

மாரியம்மாளின் குரல். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. படுக்கிறேன். குழந்தையின் மேல் கவிழ்ந்தபடி படுக்கிறேன். அது அவளுடைய மகன். எட்டு மாதம். அவன் என் கையில் இருப்பது அவளுக்குத் தெரியாது. கத்திச் சொல்ல முடியாது. சொன்னால் சுடுவார்கள்.

என் பெயர் ஸ்டெல்லா. அப்போது சீர்காழிக்குக் கிழக்கே ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. கல்யாணம் ஆகவில்லை. அந்த மார்கழியில் எங்கள் பள்ளிக்கு நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து மரப்பெட்டிகள் வந்தன. உடைத்தால் உள்ளே சின்னச் சின்ன அட்டைப் பெட்டிகள். செருப்புக் கடைப் பெட்டி அளவு. சிவப்பும் பச்சையுமாகக் காகிதம் சுற்றியவை. ஏதோ ஒரு குளிர் தேசத்தில், சர்ச்சுக்குப் போகும் பிள்ளைகள், முகம் தெரியாத ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டி அனுப்பிய கிறிஸ்துமஸ் பரிசு. சோப்பு. பென்சில். சீப்பு. கம்பளிக் குல்லா. ஒரு தகர விசில்.

வேதக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று யாரும் எழுதி அனுப்பவில்லை. ரொம்பவும் இல்லாதவர்களுக்குக் கொடு என்றார் பங்குச் சாமியார். அவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். நான் போனேன்.

வண்டி கொடுத்தவர் காதர் பாய். கடைத்தெருவில் மளிகை வைத்திருந்தார். மலேயாவிலிருந்த தம்பி அனுப்பிய பணத்தில் ஒரு பழைய வேன் வாங்கியிருந்தார். அது நோன்பு மாதம். எச்சில்கூட விழுங்காமல் வண்டி ஓட்டினார்.

"நோன்பு தொறக்குறதுக்குள்ள வூடு திரும்பிடணும் டீச்சரம்மா. புள்ளைங்க காத்துக்கிட்டிருக்கும்."

"குடுத்துட்டு உடனே கெளம்பிடலாம் பாய்" என்றேன்.

நாங்கள் போன சேரியில் அப்போது கூலிச் சண்டை. அறுவடைக்கு அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டார்கள். மிராசுதார் மறுத்தார். வெளியூர் ஆட்களை இறக்கி முன்பட்ட சம்பாவை அறுத்தார். சேரிக்காரர்கள் வரப்பில் நின்று மறித்தார்கள். மண்டை உடைந்தது. போலீஸ் வேன் வந்தது, போனது. சென்னையில் ஆட்சி மாறியிருந்தது. சுவரெல்லாம் கறுப்பும் சிவப்பும். வரப்பில் ஒன்றும் மாறவில்லை.

சேரிக்குள் போக ஒரே வழி. வாய்க்கால் மேல் ஒரு மதகுப் பாலம். அங்கே மிராசுதாரின் காரியக்காரர் ஆட்களோடு நின்றார். வண்டியைக் கை காட்டி நிறுத்தினார்.

"என்ன பாய், லோடு?"

"புள்ளைவோளுக்கு வெளையாட்டுச் சாமாங்க. கிறிஸ்துமஸுக்கு."

"இங்க ஒரு வேதக்காரன் வூடு கெடையாதே. யாருக்குக் கிறிஸ்துமஸு?"

ஒரு பெட்டியைச் சூரிக்கத்தியால் கிழித்தார். குல்லாவை உதறிப் பார்த்தார். விசிலை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டார்.

"அரிசி கிரிசி இருந்துச்சு, நடக்குறது வேற. போங்க. சுருக்கத் திரும்பிடுங்க."

அவருக்குப் பின்னால் புங்கமரத்தடியில் மண்ணெண்ணெய் டின்கள் அடுக்கியிருந்தன. மோட்டார் கொட்டகைக்கு என்று நினைத்தேன்.

பிள்ளைகள் ஓடி வந்தார்கள். நாள்கணக்கில் வேலை இல்லாத வீட்டுப் பிள்ளைகள். சோப்பை முகர்ந்து பார்த்தார்கள். ஒரு பையன் கடித்தே பார்த்தான். குல்லாவை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. மாரியம்மாள் ஒன்றை வாங்கி மகன் தலையில் மாட்டினாள். அவள்தான் அந்தத் தெருவில் பெண்களைத் திரட்டி வரப்பில் நிறுத்தியவள். அன்று வாய்விட்டுச் சிரித்தாள். அவளுடைய மூத்தவள் செல்வி. ஒன்பது வயது. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு எனக்கு உதவியாகப் பெட்டிகளை எடுத்துக் கொடுத்தாள்.

விசில்கள் ஊதப்பட்டன. ஒன்று. இன்னொன்று. பிறகு தெருவே விசில். காது அடைத்தது.

பொழுது சாயும் நேரம். காதர் பாய் வண்டியைத் திருப்பி மதகுக்குக் கொண்டுபோனார். நான் காலி மரப்பெட்டியை எடுக்கத் தெருவுக்குள் நின்றேன். அப்போது மறுகரையில் காரியக்காரரின் ஆட்கள் போட்ட கூச்சல். அரிவாள்கள். தடிகள். தோளில் டின்கள்.

காதர் பாய் வண்டியைப் பின்னால் எடுத்து எங்களிடம் வந்திருக்கலாம். முன்னால் போயிருக்கலாம். அவரை அவர்களுக்குத் தெரியும், விட்டிருப்பார்கள். அவர் வேனை மதகின் மேல் குறுக்கே நிறுத்தினார். இறங்கினார். அதன் முன்னால் போய் நின்றார். எங்கள் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"வயலுக்குள்ள ஓடுங்க! புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு ஓடுங்க!"

தடி எலும்பில் இறங்கும் சத்தத்தை அன்றுதான் கேட்டேன். பச்சை மூங்கில் பிளப்பது போல இருந்தது. மூன்றாவது அடிக்குப் பிறகு அவர் குரல் இல்லை.

வேன் வழியை அடைத்திருந்தது. அவர்கள் வாய்க்காலில் இறங்கி ஏற வேண்டியிருந்தது. அந்த நேரத்தில்தான் பாதித் தெரு தப்பியது. மறுநாள் வேறொரு சேரிக்கு என்று ஒதுக்கிய பெட்டிகள் இன்னும் வேனுக்குள். வேனுக்குத்தான் முதலில் தீ வைத்தார்கள்.

"கொளுத்துறானுவோ! ஓடுங்க!"

மாரியம்மாளின் கணவர் கோவிந்தன் மண்வெட்டியோடு கரைக்கு ஓடினார். சுட்டார்கள். உட்கார்ந்தார். அப்படியே சாய்ந்தார். மாரியம்மாள் அவரைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பெண்கள் அவளை இழுத்தார்கள்.

கூரைகள் பற்றின. ஓலை படபடவென்று வெடித்தது. நான் குடிசைகளின் பின்பக்கமாக ஓடினேன். ஒரு கீற்றுத் தட்டிக்குப் பின்னால் செல்வியின் குரல். தம்பியோடு வீட்டுக்குள் ஒளிந்திருக்கிறாள். முன்வாசலில் தீ. நான் தட்டியைக் கையால் பிய்த்தேன். ஒரு முறம் அளவு ஓட்டை விழுந்தது.

"டீச்சர், தம்பியப் புடிங்க!"

பிள்ளையைத் தள்ளினாள். வாங்கினேன். கீழே வைத்தேன். மறுபடி கையை உள்ளே விட்டேன். அவள் விரல்கள் என் கையில் பட்டன. சூடாக இருந்தன. கூரை விழுந்தது.

அதன் பிறகுதான் ஓடினேன்.

வயலில் கிடக்கிறேன். வரப்பில் ஆட்கள் நடக்கிறார்கள். தடியால் கதிரை அடித்துக்கொண்டே வருகிறார்கள். குழந்தை வாயைத் திறக்கிறான். சுண்டுவிரலை வைக்கிறேன். உறிஞ்சுகிறான். என் விரலில் கரியும் சேறும். உறிஞ்சுகிறான். அவர்கள் கடந்து போகிறார்கள். சற்றுத் தள்ளி வெடி ஒன்று. பிறகு ஒரு பெண்ணின் முனகல். அது நீண்டு, நின்றது. சின்னப்பொண்ணு. நடவுக்காரி. அவள் என்று விடிந்த பிறகுதான் தெரிந்தது.

விடிந்ததும் மாரியம்மாள் என்னைத் தேடி வந்தாள். பிள்ளையை வாங்கினாள். முகத்தைத் துடைத்தாள். என் பின்னால் பார்த்தாள்.

"பெரியவ எங்க?"

பிய்ந்த என் கைகளை நீட்டினேன். அவள் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்தாள். குழந்தைக்குப் பால் கொடுத்தாள். அழவில்லை. நெடுநேரம் என் கையை விடவில்லை.

வழக்கு நடந்தது. சேரிக்காரர்கள் விசில் ஊதி ஆள் திரட்டித் தாக்க வந்தார்கள், தற்காப்புக்காகத் திருப்பி அடித்தோம் என்றது எதிர்த்தரப்பு. கூண்டில் ஏறினேன். ஊதியவை குழந்தைகள் என்றேன். விசில் ஊதுவதற்கு முன்பே மண்ணெண்ணெய் டின்கள் மரத்தடியில் இருந்தன என்றேன். எத்தனை டின் என்று கேட்டார் வக்கீல். எண்ணவில்லை என்றேன். அப்படியானால் நீங்கள் பார்க்கவே இல்லை என்றார். அத்தனை பேரும் விடுதலை.

ஆகவே இங்கே எண்ணி வைக்கிறேன்.

எரிந்தது ஒரு தெரு முழுவதும். ஒரு வேன். எங்கோ குழந்தைகள் கட்டி அனுப்பிய பெட்டிகளில் பாதி. என் இடது கையில் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை.

செத்தவர்கள்: கோவிந்தன். சின்னப்பொண்ணு. செல்வி.

அரசாங்கக் கணக்கில் இவ்வளவுதான். நான்காவது ஆளை வாகன விபத்து என்று எழுதி வேறு பக்கத்தில் சேர்த்துவிட்டார்கள். வேன் நின்றுகொண்டிருந்தது. அவரும் நின்றுகொண்டிருந்தார். நான் பார்த்தேன்.

காதர் பாய். நான்கு.