திராட்சை ரசம் ஊற்றிய கை

1936ஆம் வருஷம் பிப்ரவரி மாதம், திண்டிவனத்தில், சப் இன்ஸ்பெக்டர் விசாரிக்கக் கூறியது:

என் பெயர் கோதண்டபாணி. தகப்பனார் பெயர் வெங்கடாசலம். வயது அறுபத்தெட்டு. திண்டிவனம் பெருமாள் கோயில் தெருவில் வசிக்கிறேன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மது அருந்தும் பழக்கம் இல்லை.

தங்கள் காவலில் இருக்கும் கண்டமங்கலம் அந்தோணிசாமியை எனக்கு முன்பின் தெரியாது. அவர் புதுச்சேரியில் ஒரு பாதிரியாரிடம் வேலை பார்த்தபோது திராட்சை ரசம் என்னும் ஒயின் தயாரிக்கக் கற்று, லைசென்ஸ் பெற்று, தம் வீட்டிலேயே சிறிய அளவில் தயாரித்து மாதா கோயில்களுக்குப் பூசைக்குக் கொடுத்துவருபவர் என்று பிறகு அறிந்தேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை விவசாயக் கண்காட்சியில் அவருக்கு ஒரு கொட்டகை கொடுத்திருந்தார்கள். யாரும் இலவசமாக ருசி பார்க்கலாம் என்று பலகை இருந்தும் மதியம்வரை ஒருவரும் நெருங்கவில்லை. அதன் பிறகு கண்காட்சிக் காரியதரிசி பாண்டுரங்கன் என்னை அழைத்து, "சேரி ஆளு கையால யாரு வாங்குவாங்க வாத்தியாரே? நீங்க ஊத்துங்க. புதுச்சேரி சரக்குன்னு சொல்லிக்கலாம்" என்றார். எனக்கு மறுக்கத் தெரியவில்லை. அந்தோணிசாமியைக் கொட்டகைக்குப் பின்னால், மாட்டுவண்டிக்கு அப்பால் உட்காரச் சொன்னார்கள். அவர் அன்றைக்கென்று அணிந்து வந்த வெள்ளைக் கோட்டைக் கழற்றி, மடித்து, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அதன் பிறகு கூட்டம் வந்தது. வந்தவர்கள் டம்ளரை உதட்டில் வைக்காமல், வழக்கப்படி அண்ணாந்து தொண்டையில் ஊற்றிக்கொண்டார்கள். அதைப் பார்த்த அந்தோணிசாமி வண்டி அருகிலிருந்தே, "ஐயா, கொஞ்சமா வாயில வச்சிக்கினு ருசி பாக்கச் சொல்லுங்க. இப்படி ஊத்திக்கினா நாக்குக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றார். பாண்டுரங்கன் அவரைப் பேசாதிருக்கும்படி சைகை காட்டினார். பலரும் குடிக்கும் டம்ளரில் வாய் வைக்கும்படி நான் எப்படிச் சொல்வது என்று யோசித்து, சொல்லாமல் விட்டேன்.

விழுப்புரத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வியாபாரம் செய்யும் விருத்தாசலம் அப்போது வந்தார். முதல் டம்ளரை ஊற்றிக்கொண்டு, "ஒண்ணுமே தெரியலியே வாத்தியாரே, பள்ளிக்கூடத்துத் தண்ணியா? இன்னொரு தபா ஊத்துங்க" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு வரிசையில் மீண்டும் மீண்டும் வந்தார். மூன்று முறையோ ஐந்து முறையோ, என் ஞாபகத்தை நானே முழுதும் நம்புவதில்லை. கடைசியில் கால் தடுமாறியது போலவும் இருந்தது, இல்லை போலவும் இருந்தது. அதன் பிறகு அவர் ரயிலுக்குப் போவதாகச் சொல்லி மாட்டுத் தொழுவத்துப் பக்கமாக நடந்தார். அங்கே சுற்றுச்சுவர் எழுப்பாத கிணறு ஒன்று உண்டு. மறுநாள் காலையில் அவருடைய பிரேதத்தை அதிலிருந்து எடுத்தார்கள். மேல்துண்டு மட்டும் மிதந்துகொண்டிருந்தது.

அதன் பிறகு ரசத்தில் ஊமத்தை கலந்திருந்ததாகப் பேச்சு எழுந்து, ஜனங்கள் அந்தோணிசாமியை அடித்தார்கள். அதே பாட்டில்களிலிருந்து குடித்த மற்ற யாருக்கும் ஒன்றும் நேரவில்லை.

நேற்று பாண்டுரங்கன் என் வீட்டுக்கு வந்து, "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இந்த பேஜாரு? அவனே ஊத்தினான்னு சொல்லிட்டு வந்துடுங்க" என்றார். இன்று இங்கே வரும்போது அந்தோணிசாமியின் மனைவி சவுரியம்மாள் வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து ஒதுங்கி வழிவிட்டார்.

விருத்தாசலத்துக்கு ஊற்றியது அந்தோணிசாமிதானே என்று தாங்கள் கேட்பதற்கு, இல்லை என்கிறேன். ஊற்றியது நான். அன்று அவர் கையிலிருந்து ஒருவரும் எதையும் வாங்கவில்லை. வாங்கமாட்டார்கள் என்பதற்காகத்தான் என்னை அங்கே நிறுத்தினார்கள்.

படித்துக் காட்டக் கேட்டேன். இதில் உள்ளது அனைத்தும் உண்மை. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) வெ. கோதண்டபாணி