நாற்பத்தோராம் அத்தியாயத்தில் ஒரு கடிதம்

சரித்திரக் காதல் நாவல்களில் வரும் ஒற்றர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். அவர்களில் எவரும் ஒழுங்காக வேவு பார்ப்பதில்லை. பூக்காரி வேடத்தில் பகைவர் கோட்டைக்குள் நுழையும் பெண், முதல் அத்தியாயத்திலேயே படைத்தலைவனிடம் அகப்பட்டுவிடுகிறாள். அவன் அறியாதவன்போல நாள்தோறும் அவளிடம் பூ வாங்குகிறான். எவரும் சாவதில்லை. முடிவில் கல்யாணம் நடக்கிறது.

சட்டத்தரணி மரியரட்ணம் அவர்களே, யோகராணியின் மேல்முறையீட்டுக்காக நடந்ததை எழுதித் தரும்படி கேட்டீர்கள். நாவலில் தொடங்குவது பொருத்தமற்றதாகத் தோன்றலாம். வேறிடத்தில் தொடங்கினால் வரிசை பிழையாகிவிடும்.

யாழ்ப்பாணத்து அச்சகமொன்றில் இருபத்தாறு ஆண்டுகள் மெய்ப்புப் பார்த்தவள் நான். 1991 முதல் கனடாவில், ஸ்காபரோவில், பதினோராம் மாடியில், இரண்டு அறை வீட்டில் தனியே இருந்தேன். வார இதழ்களிலிருந்து கிழித்தெடுத்து, நானே நூல் கோத்துக் கட்டிய தொடர்கதைகள் என்னுடன் வந்தன. உரத்து வாசிக்கத்தான் ஆள் இல்லை. தொலைபேசியில் இலக்கம் மாறி அழைத்தவருக்குப் பதில் சொல்லும்போது மட்டுமே என் குரலை நான் கேட்ட நாள்கள் உண்டு.

யோகராணி 1995 டிசம்பரில் மற்ற அறைக்குக் குடிவந்தாள். பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. கணவன் மிதுனன் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தான். அவனை இங்கே எடுப்பிப்பதற்கான விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். தன் பெயருக்கும் இலக்கங்களுக்கும் அப்பால் அவளுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஆகவே தபாற்பெட்டிப் பூட்டின் திறப்பும் என்னிடமே இருந்தது.

நான்கு மணிக்கு வருவாள். தேநீர், அந்தப் பூக்காரி நாவலிலிருந்து ஓர் அத்தியாயம்.

"உவன் படைத்தலைவன் சரியான மொக்கன், அன்ரி. கொண்டைக்குள்ள ஓலை கிடக்கிறது எங்களுக்கே விளங்குது."

"விளங்காத மாதிரி இருக்கிறான், பிள்ளை."

"எங்கட ஆளும் உப்பிடித்தான். கலியாணத்துக்கு முதல் அப்பான்ர கடையில மூண்டு மாதமா ஒவ்வொரு நாளும் நெருப்புப்பெட்டி வாங்கினவர். சுருட்டும் இல்லை, பீடியும் இல்லை."

அவள் சிரித்தால் கிண்ணம் ஆடும். அவன் வந்ததும் தூரத்து மிசிசாகாவில் வீடெடுக்கப் போவதாகவும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

1996 மே பத்தாம் திகதி, வெள்ளிக்கிழமை, குடிவரவு அலுவலகத்தின் கடிதம் வந்தது. விவாகப் பதிவின் மூலப்பிரதி அறுபது நாள்களுக்குள் வந்துசேராவிட்டால் விண்ணப்பம் மூடப்படும் என்றது. அந்தப் பதிவு, நான் செய்த மொழிபெயர்ப்புடன், என் அலுமாரியில் இருந்தது. அன்று நாங்கள் நாற்பத்தோராம் அத்தியாயத்தில் இருந்தோம். நாவலில் மொத்தம் அறுபத்திரண்டு. நாளுக்கு ஒன்று என்றால் இருபத்தொரு நாள். அதன் பின்னும் முப்பத்தொன்பது நாள் மீதம். எவருக்கும் தீங்கில்லை. கடிதத்தை அந்த அத்தியாயத்துக்குள் வைத்தேன்.

"கடிதம் ஏதும் வந்ததோ, அன்ரி?" என்று கேட்பாள்.

"இண்டைக்கு ஒண்டும் இல்லைப் பிள்ளை."

அது பொய்யன்று. கடிதம் வந்த வெள்ளிக்கிழமை அவள் கேட்கவில்லை.

குறித்த நாளில் நாவல் முடிந்தது. யோகராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனி நாலு மணிக்கு என்ன செய்யிறது, அன்ரி?" என்றாள். அந்த நாவலுக்கு இரண்டாம் பாகம் உண்டு, எண்பது அத்தியாயம். மறந்துவிட்டேன் என்று எழுதினால் உங்களுக்கு வசதியாக இருக்கும். நான் மறக்கவில்லை.

யூலையில் விண்ணப்பம் மூடப்பட்டது. லொட்ஜுக்குச் சோதனைக்கு வரும் பொலிசாரிடம் மிதுனன் காட்டிவந்தது அந்த விண்ணப்பத்தைத்தான். அது செல்லாது என்று தெரிந்த கிழமையே அவனைக் கொண்டுபோனார்கள். எங்கே என்று இன்றுவரை தெரியாது.

எட்டு நாள் வாசிப்பு நடக்கவில்லை. ஒன்பதாம் நாள் அவளே வந்து அமர்ந்தாள்.

"வாசியுங்கோ, அன்ரி. உங்கட குரலைக் கேட்டாத்தான் நெஞ்சு கொஞ்சம் ஆறுது."

வாசித்தேன். அவள் வேலைக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். காலையிலும் ஓர் அத்தியாயம் கேட்டாள். வேறெவரிடமும் பேசுவதில்லை. அந்த நாள்களைப் போல என் வாழ்வில் வேறு நாள்கள் இல்லை.

ஓகஸ்ட்டில் ஒரு மாலை நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். படைத்தலைவன் பூ வாங்கும் இடத்தை மறுபடி கேட்க வேண்டுமென்று முதற்பாகத்தை அவள் எடுத்துப் புரட்டினாள்.

"உது என்ர பேரல்லோ, அன்ரி?"

"ஓம்."

"எப்ப வந்தது?"

"மே பத்து."

அவள் கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு, சப்பாத்துக்கூடப் போடாமல் வெளியே போனாள். தேநீரில் அவளுக்குரிய சீனியை நான் ஏற்கெனவே கலக்கியிருந்தேன்.

விண்ணப்பம் மூடப்பட்டது அவள் பிழையால் அல்ல என்று காட்ட உங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான் என்று நினைக்கிறேன். கடிதத்தை மறைத்தவள் நான். அறிந்தே மறைத்தேன். அவள் என் வீட்டை விட்டுப் போகக்கூடாது என்பதற்காக மறைத்தேன். தவமணி என்று கையொப்பமிட்டுத் தருகிறேன். எந்தத் தண்டனைக்கும் சம்மதம்.

அவளைக் காணும்போது ஒன்று மட்டும் சொல்லுங்கள். இரண்டாம் பாகத்தில் அறுபத்தெட்டாம் அத்தியாயத்துடன் நிறுத்தியிருக்கிறோம். அவள் இல்லாமல் நான் மேலே வாசிக்கவில்லை. கடைசி அத்தியாயம் எனக்கு முன்பே தெரியும். ஓலையை ஒளித்தவளை எல்லோரும் மன்னித்துவிடுகிறார்கள். அது அவளுக்குப் பிடிக்கும்.