சுத்திவரக் கடல்

...பிறகு என்னத்துக்குக் கடையைத் திறந்து வைச்சிருக்கிறார் எண்டு கேக்கிறன். கதவு திறந்து கிடக்கு, மோட்டரெல்லாம் ஓடுது, மீனெல்லாம் ஓடுது, ஜெயரூபனை மட்டும் காணேல்லை. சாப்பிடப் போட்டாராம், பக்கத்துச் சலூன்காறர் சொல்லுறார். சோறு இனித்தான் விளையவேணும் போலை. நீர் இரும் பிள்ளை, அந்தக் கதிரையிலை இரும். நானும் இந்தக் கோதாரி உப்பு மீற்றரை மாத்தாமல் போறதில்லை எண்டுதான் குந்திக்கொண்டிருக்கிறன்.

மீன் வளக்கப் போறீரோ? உப்புத்தண்ணி மீனோ? ஓ, பவளம், பாறை எல்லாத்தோடையுமோ. முதல் தரமோ? கையிலை கனக்கக் காசில்லை எண்டும் முகத்திலை தெரியுது. கோவிக்காதையும், எனக்கு முகத்துக்கு நேரை கதைச்சுத்தான் பழக்கம். கொன்வென்ற்றிலை சிஸ்ரர்மார் என்ரை கையெழுத்தைத் திருத்திச்சினம், நடையைத் திருத்திச்சினம். வாயிலை மட்டும் தோத்துப் போச்சினம்.

சரி, கேளும். இஞ்சை என்ன வாங்கவேணும், என்ன வாங்கக்கூடாது எண்டு நான் சொல்லுறன். ஜெயரூபன் வந்திட்டார் எண்டால் சொல்லேலாது.

முதல், தொட்டி. சின்னன் எடுத்தால் மிச்சம் எண்டு நினைப்பீர். நானும் நினைச்சனான். ஆனால் சின்னத்துக்குள்ளை தண்ணி பழுதாகிறதும் கெதி. சின்னச் சட்டியிலை பால் காய்ச்சிற மாதிரி, திரும்பிப் பாக்கமுதல் பொங்கி அடுப்பிலை நிக்கும். நடுத்தரமா ஒரு மூண்டடித் தொட்டி எடும். அதுக்கு மேசை ஒண்டும் காட்டுவார், கறுப்பு நிறத்திலை, கதவெல்லாம் வைச்சு. அந்தப் பக்கமே திரும்பாதையும். சீமெந்துக் கல்லு அடுக்கி மேலை ஒரு தடிச்ச பலகையைப் போட்டால் யானையும் ஏறி நிக்கும். வடிவில்லை எண்டால் ஒரு பழைய சீலையைச் சுத்திவிடும். எங்கடை வீட்டிலை என்ரை நீலச் சீலைதான் நிக்குது, வாற சனமெல்லாம் நல்ல திரை எண்டு சொல்லுதுகள்.

பிறகு, தண்ணியைச் சூடாக்கிற கம்பி. ஓம், சூடாக்கிற. யாழ்ப்பாணத்திலை. இருந்த இடத்திலை எங்களுக்கு வேர்த்து ஒழுகுது, உவர் மீனுக்குச் சுடுதண்ணி வைக்கப் போறாராம். பனி கொட்டுற நாட்டிலை இருந்து ஆரோ வீடியோவிலை சொல்லுறான், அதைப் பாத்திட்டு இஞ்சை விக்கினம். அதை விட்டிட்டு ஒரு குட்டிக் காத்தாடி வாங்கித் தண்ணிக்கு மேலை வையும். வெயிலுக்குத் தண்ணி கொதிக்காமல் பாக்கிறதுதான் இஞ்சத்தை வேலை.

நுரை அள்ளுற மிசின் எண்டு ஒண்டு... அந்தா, அந்த நீட்டுக் குழாய். மீன்ரை கழிவையெல்லாம் நுரையாக்கி மேலை கோப்பைக்குள்ளை தள்ளுமாம். பருப்பு அவியேக்கை நாங்கள் அகப்பையாலை எடுக்கிற வேலை, வேறொண்டுமில்லை. ரெண்டு மீனுக்கு அது தேவையில்லை, கிழமைக்கு ஒருக்கால் கொஞ்சத் தண்ணி மாத்தினால் காணும். குடும்பம் பெருத்தாப் பிறகு பாப்பம். லைற்றிலையும் அலையடிக்கிற மோட்டரிலையும் மட்டும் காசு மிச்சம் பிடியாதையும். பவளம் வெளிச்சத்தைத்தான் சாப்பாடு மாதிரித் தின்னுறது. மலிவு லைற்றைப் போட்டால் விரதம் இருந்து சாகும். கரண்ட் போனால் ஓடுறதுக்கு ஒரு பற்றறி மோட்டரும் எடும். எங்களுக்கு இருட்டிலை இருந்து பழக்கம், மீனுக்கு மூச்சு வேணுமெல்லே.

கல்லோ? கல்லு மட்டும் வாங்கிப்போடாதையும். கிலோக் கணக்கிலை விக்கிறார் பாரும், பெட்டியிலை போட்டு. உம்மடை வீட்டு மதில் என்ன மதில்? முருகைக்கல்லோ? பிறகென்ன. அது ஒருகாலத்திலை கடலுக்குள்ளை கிடந்த பவளம்தானே. சுண்ணாம்பு, சீமெந்து படாத துண்டாப் பாத்து எடுத்து, நல்லாத் தேய்ச்சுக் கழுவிப் போடும். எங்கடை பின்மதிலிலை இருந்துதான் இவர் அலவாங்கு போட்டுக் கிளப்பினவர். ரெண்டு கல்லுத்தான் கேட்டனான். இவர் ஆசையிலை மதிலிலை வாசல் வைச்சிட்டார். இப்ப பக்கத்து வீட்டுக் கோழியெல்லாம் எங்கடை கத்தரிக்குள்ளை நிக்குதுகள்.

இவரெண்டால் என்ரை அவர்தான். சண்முகநாதன். போஸ்ட் மாஸ்ரரா இருந்து பென்சன் எடுத்தவர். பிள்ளை, உமக்கு ஒரு புத்தி சொல்லுறன், புருசன் பென்சன் எடுக்கமுதல் அவருக்கு ஒரு விளையாட்டுச் சாமானைப் பாத்து வைச்சுக்கொள்ளும். இந்த மனுசன் கந்தோர் விட்ட அடுத்த நாளே என்ரை குசினிக்குள்ளை பூந்திட்டார். மிளகாய்த்தூள் பேணி, மல்லிப் பேணி, சீரகப் பேணி எல்லாத்திலையும் பேரெழுதி ஒட்டி, ஊர் ஊராக் கடுதாசி பிரிக்கிற மாதிரி அடுக்கி வைச்சிருக்கிறார். உப்பு எங்கை எண்டு அவரைக் கேட்டுத்தான் நான் கறி வைக்கவேணும். நான் ஒரு நாள் கத்தின கத்திலை குசினியை விட்டிட்டு வெளியிலை போய் இருந்தவர்தான். அதுக்குப் பிறகு கதையில்லை, பேச்சில்லை. தெருப் படலையைப் பாத்துக்கொண்டு ஒரு கதிரை. சாப்பிட வாங்கோ எண்டால் வருவார், படுங்கோ எண்டால் படுப்பார். குசினிக்குள்ளை நிண்டதே மேல் எண்டு எனக்குப் போச்சு.

அதுதான் இந்தத் தொட்டி. நாய் வேணுமெண்டு கேட்டவர், நான் நாய்க்கு ஓமெண்டேல்லை. நாய் குசினிக்குள்ளை வரும், மீன் வராது. ஜெயரூபன் சொன்னார், அக்கா, தொட்டியைக் கட்டி ஒரு மாசம் பொறுத்து மீன் விடுங்கோ எண்டு. வெறுந்தண்ணியை ஒரு மாசம் ஆர் பாத்துக்கொண்டிருக்கிறது? நான் பிடிச்ச பிடியை விடேல்லை. கடைசியிலை ஒரு போத்தல் நல்ல கிருமி தந்தார், தண்ணியிலை ஊத்திப்போட்டு உடனை மீன் விடலாமாம். காசு குடுத்துக் கிருமி வாங்கினது வாழ்க்கையிலை இதுதான் முதல் தரம்.

நேற்றுப் பின்னேரம் ரெண்டு மீன் கொண்டுபோனன். அந்தா, அந்த மூலைத் தொட்டியிலை நிக்கிற மாதிரித்தான். செம்மஞ்சளிலை வெள்ளைப் பட்டி போட்ட குஞ்சுகள். இவர் பாத்தார். பாத்திட்டு, கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டார். கொஞ்ச நேரத்தாலை குசினிக்குக் கதைச் சத்தம் கேக்குது. ஆரோ வந்திட்டினமாக்கும் எண்டு எட்டிப் பாத்தால், மீனோடை கதைச்சுக்கொண்டிருக்கிறார். பேரும் வைச்சாச்சு. ஒண்டு தந்தி, மற்றது மணியோடர். தந்தி கெதியா ஓடுதாம், மணியோடர் ஆறுதலா வருதாம். எனக்குக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரிக்கிறார். நான் பிட்டுக் குழைச்ச கையோடை அப்பிடியே நிண்டிட்டன்.

இப்ப அதுகள் ரெண்டும் பேசினுக்குள்ளை கிடக்குதுகள், பிள்ளை. குழந்தைப் பிள்ளையைக் குளிப்பாட்டுற பேசின். ஜெயரூபன் பையிலை குடுத்த தண்ணியோடை, ஒரு காத்துக் குழாயும் விட்டு. அந்தத் தண்ணி எவ்வளவு நேரம் தாங்கும்? காலமை பாக்கிறன், தந்தி மூலையிலை சரிஞ்சு நிக்குது. இண்டைக்குத் தொட்டிக்கு மாத்தாட்டில் ரெண்டும் முடிஞ்சுது. ரெண்டும் போச்சுதெண்டால் இவர் பிறகும் படலைதான்.

எல்லாத்துக்கும் காரணம் இதுதான், இந்த மீற்றர். பாரும். தண்ணியை இதுக்குள்ளை விட்டால் முள்ளு எழும்பி அந்தப் பச்சைக் கோட்டிலை நிக்கவேணும், அப்பத்தான் கடலளவு உப்பு எண்டு அர்த்தம். எனக்கு முள்ளு படுத்துக் கிடக்கு. தட்டிப் பாத்தன், கழுவிப் பாத்தன், திரும்பத் திரும்ப அதே இடம்தான். ஜெயரூபனுக்கு ரெலிபோன் எடுத்தால், அக்கா, மீனைத் தொட்டிக்குள்ளை விட்டிடாதையுங்கோ, தண்ணியிலை உப்புக் காணாது எண்டுறார். கடல் தண்ணியிலை உப்புக் காணாதாம். உதை எங்கையும் கேள்விப்பட்டிருக்கிறீரோ?

எனக்கு விளங்கீற்றுது. உவர் கடல் தண்ணியைக் கானிலை அடைச்சு விக்கிறார், தெரியுமோ? அங்கை, உள்ளுக்கு வரிசையா நிக்குது. சுத்திவரக் கடல் கிடக்கிற ஊரிலை. முதல் நாளே, அக்கா, நாலு கான் ஏத்திவிடட்டோ எண்டு கேட்டவர், நான் சிரிச்சுப்போட்டு வந்தனான். அதுக்குத்தான் இப்பிடி ஒரு மீற்றரைத் தந்திருக்கிறார். முள்ளு எழும்பாட்டில் திரும்பி வந்து தண்ணி வாங்குவாள் எண்ட எண்ணம். நான் ஆர் எண்டு உவருக்குத் தெரியாது.

ஏனெண்டால் நான் நாக்கிலை வைச்சுப் பாத்தனான். கரிச்சது. எங்கடை ஆக்களின்ரை நாக்கு என்ன சும்மா நாக்கோ, பிள்ளை? எந்தக் கிணறு நல்ல தண்ணி, எந்தக் கிணறு சவர் எண்டு ஒரு சொட்டிலை சொல்லுற நாக்கு. என்னைப் பொம்பிளை பாக்க வந்தவையே தேத்தண்ணியை ஒரு வாய் குடிச்சிட்டு, உங்கடை கிணறு நல்ல தண்ணி எண்டுதான் முதல் சொன்னவை. என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லேல்லை.

எங்கை எடுத்தனாங்களோ? தொண்டைமானாறு. நீரும் அந்தப் பக்கமோ? பிறகென்ன, உமக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை சந்நிதி முருகன் கோயிலுக்குப் போன இடத்திலை எடுத்தனாங்கள். ஒரு பயணத்திலை ரெண்டு அலுவல். கும்பிட்டு, மடத்திலை சாப்பிட்டு, கானுகளைத் தூக்கிக்கொண்டு அப்பிடியே கோயிலடிப் படியாலை இறங்கி... ஓம், படியிலைதான். இவர் ஏதோ சொன்னவர். உதயம், இஞ்சை வேண்டாம், பாலத்தாலை அங்காலை போய் எடுப்பம் எண்டு. எனக்கெண்டால் தலை சுடுது, சாப்பிட்டது கண்ணைச் சுத்துது. தண்ணிக்கென்ன அங்காலை இஞ்சாலை எண்டு கேட்டன். முருகன் தீர்த்தமாடுற தண்ணி, இதைவிடச் சுத்தமாக் கடலிலை எங்கை இருக்குமெண்டும் கேட்டன். அவர் குனிஞ்சு கானைத் தண்ணிக்குள்ளை அமத்தினவர்.

ஏன் பிள்ளை அப்பிடிப் பாக்கிறீர்?

கதவோ? ஓம், பாலத்துக்குக் கீழை கதவு கிடக்கு. நான் அறியாத கதவே? கடல் உள்ளுக்கு வராமல் மறிக்கிறதுக்கெண்டுதான்... ஓம். கடல் அங்காலை. கோயிலடி... இஞ்சாலை.

இஞ்சாலை நிக்கிறது மாரி மழைத் தண்ணியோ.

இல்லை, கரிச்சதெல்லே. கரிச்சது. நான் என்ரை நாக்காலை... கொஞ்சம் கரிக்குமோ? சவர்த் தண்ணியெண்டால் கொஞ்சம் கரிக்கும்தான். ஓம், கொஞ்சம்தான் கரிச்சது.

தொண்டைமான் ஆறு. பேரிலையே ஆறு கிடக்கு. நான் எத்தினை தரம் வாயாலை சொல்லியிருப்பன். சிஸ்ரர் உயிரோடை இருந்திருந்தால் கதிரைக்கு மேலை ஏத்தி விட்டிருப்பா.

சிரியும், சிரியும், அடக்காதையும். எனக்கும் சிரிப்பு வருகுதுதான், ஆனால் அதுகள் ரெண்டும் பேசினுக்குள்ளை கிடக்குதுகள். கொஞ்சம் இரும், இவருக்கு ஒரு கோல் எடுக்கிறன்.

ஹலோ. இஞ்சருங்கோ, மீன் எப்பிடி நிக்குது? பாத்திட்டு வந்தனியளோ? எங்கை வந்தனியள்? ...என்ன அந்த இரைச்சல், காத்தாடியை நிப்பாட்டிப்போட்டுக் கதையுங்கோ, ஒண்டும் கேக்கேல்லை... காத்தாடி இல்லையோ? பிறகென்ன அது?

கடலோ? பாலத்துக்கு எந்தப் பக்கம்?

ம்.

தனியவோ போனியள்? ஓட்டோவிலையோ. கான் எல்லாத்தையுமோ... எப்ப வெளிக்கிட்டனியள்? நான் படலையைச் சாத்தினதும் வெளிக்கிட்டிட்டியள். அப்ப உங்களுக்கு வெள்ளிக்கிழமையே தெரியும். தெரிஞ்சுகொண்டுதானே... சொன்னனியள்தான், ஆர் இல்லையெண்டது? ஒருக்கால்தானே சொன்னனியள். நான் ஒரு வார்த்தை கேட்டவுடனை விட்டிடுறதோ? இன்னொருக்கால் சொல்லியிருக்கலாமெல்லே. நான் என்ன கடிச்சுத் தின்னுற ஆளோ? ...அதுக்கு மறுமொழி சொல்லவேண்டாம்.

அவ்வளவு தூரம் ஏன் போனியள்? கிட்டவா ஒரு கடலும் கிடைக்கேல்லையோ? ...என்னது? ...நான் எல்லாருக்கும் தொண்டைமானாத்துத் தண்ணி எண்டு சொல்லிப்போட்டன் எண்டோ? அதுக்காகவோ போனனியள்?

சரி. சரியப்பா. தொப்பி போட்டனியளோ? கரையிலை அள்ளாதையுங்கோ, கலங்கியிருக்கும். பாசியிலை கால் வையாதையுங்கோ. ஓட்டோக்காறரைக் கொஞ்சம் கெதியா ஓடச் சொல்லுங்கோ, தந்தியின்ரை நிலைமை தெரியுந்தானே. நான் போய்ப் பழைய தண்ணியை இறைச்சு வைக்கிறன்.

இன்னும் என்ன? ...ம். ...ஓம், நீங்கள் சொன்னதுதான் சரி. காணுமோ? ...காத்துக்குக் கேக்கேல்லையோ? கேக்காட்டில் விடுங்கோ. அது ரெண்டாந்தரம் சொல்லுற வசனமில்லை. வையுங்கோ.

என்ன பிள்ளை, அப்பிடிப் பாக்கிறீர். என்ரை கைப்பையை இஞ்சாலை தாரும், மீற்றரை உள்ளுக்கு வைப்பம். உமக்கும் இதே மீற்றர்தான் வேணும், வேறையொண்டையும் காட்ட விடாதையும். அந்தா, மோட்டச்சைக்கிள் சத்தம் கேக்குது, ஜெயரூபனாத்தான் இருக்கும். நான் இந்தப் பக்கக் கதவாலை போறன். அவர் கேட்டால், நான் இண்டைக்கு இஞ்சை வரேல்லை.