கார்டு இல்லாத ஃபோன்

— என்னடி பெர்மெத், இன்னுமா ஃபோன்ல இருந்து சிம் கார்டை எடுக்கல?

— ஓட்டையே காணோமே அத்தை! மேலயும் பார்த்துட்டேன், கீழயும் பார்த்துட்டேன்.

— பக்கவாட்டுல பாரு. ஊசி நுழையற அளவுக்குச் சின்னதா இருக்கும். இந்தா, என் கம்மலைக் கழட்டித் தரேன், குத்தி இழு. பட்டணத்துல கடையில நின்னவதானே நீ? இது கூடவா தெரியாது?

— கடையை விட்டு வந்துதான் ரெண்டு குளிர்காலம் ஆச்சே. அதுக்கப்புறம் மாட்டு மடியைத் தவிர நான் எதைத் தொட்டேன்? நீங்களே தடவிப் பாருங்க, சுத்தி வழுவழுன்னு இருக்கு.

— ஏம்மா பொண்ணு, அழுகையை நிறுத்திட்டுச் சொல்லு. கார்டு எங்க?

— கார்டு… கார்டு இல்லைங்கம்மா. எங்க அக்கா அமெரிக்காவுல இருந்து அனுப்பின ஃபோன். அங்க விக்கறதுல கார்டு போட இடமே வைக்க மாட்டாங்க.

— இதென்னடி கூத்து! கார்டு இல்லாம எப்படிப் பேசும்?

— அங்க பேசும் போல அத்தை. நம்ம ஊருக்கு ஆகாத சாமான். அப்படித்தானே பொண்ணு?

— ஆமா… ஆமாக்கா. இங்க பேசாது. போட்டோ பார்க்க மட்டும்தான் வெச்சிருக்கேன்.

— அப்போ மேல ஏணி மாதிரி கோடு கோடா நிக்குதே, அது என்ன?

— சார்ஜு அத்தை.

— நம்ம தைமிர் ஃபோன்ல சார்ஜு அப்படி இருக்காதே?

— அமெரிக்காக்காரனுக்கு எல்லாமே கோணல்தான். கார்டுக்கு ஓட்டை வைக்கத் தெரியாதவன், சார்ஜை மட்டும் ஒழுங்காப் போடுவானா?

— எதுக்கும் அடுப்புல போட்டுடு. உன் கார்டை நான் அப்படித்தான் போட்டேன், ஞாபகம் இருக்கா? வீடெல்லாம் ஒரே நாத்தம்.

— ஐயோ வேண்டாம்மா! உங்க காலைப் பிடிச்சுக்கறேன். அதுலதான் எங்க அப்பா போட்டோ இருக்கு. அவர் போயிட்டாரு. வேற போட்டோ எங்ககிட்ட இல்ல.

— அடுப்புல போட்டா வெடிச்சுடும் அத்தை. போன தடவை போட்டது வெறும் கார்டு, இது முழு ஃபோன். அடுப்பே பொளந்துடும். விடுங்க, அப்பன் மூஞ்சியைப் பார்த்து அழுது முடிக்கட்டும். அழுது முடிச்சாத்தானே தலையில கல்யாண முக்காடு நிக்கும்?

— என்னமோ பண்ணு. குடுத்துத் தொலை. ஆமா, உன் பேர் என்னம்மா?

— பேர் கூடத் தெரியாமலாம்மா என்னைத் தூக்கிட்டு வந்தீங்க?

— தைமிர் சொன்னான், நான்தான் மறந்துட்டேன். யாரோ கல்யாணத்துல நீ ஆடினியாம். அன்னியில இருந்து பையன் சரியாச் சாப்பிடல.

— சைகால்.

— நல்ல பேரு. வாய் நிறையக் கூப்பிடலாம்.

— அம்மா, இது எந்த ஊரு?

— நீ வாழப்போற ஊரு. பேரைக் காலையில சொல்றேன். காலையில எங்க ஆளுங்க ஒரு ஆட்டை ஓட்டிக்கிட்டு உங்க வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேப்பாங்க. எல்லாம் முறைப்படி நடக்கும். முக்காடு போட்டு இந்த ஒரு ராத்திரி இங்க இருந்துட்டேன்னா, அப்புறம் உங்கம்மாவே உன்னைத் திருப்பி எடுத்துக்க மாட்டா. நீ எதுக்கு ஊர் பேரை வெச்சுக்கிட்டு அல்லாடற?

— அவர்… அவர் எப்போ உள்ள வருவாரு?

— பொழுது சாயட்டும். வெளிய அவன் கூட்டாளிங்களோட ஆடு உரிச்சுக்கிட்டு இருக்கான்.

— என்னை விட்டுடுங்கம்மா. உங்களுக்கும் பொண்ணு இருப்பாங்கள்ல?

— இருந்தா. அவளையும் இப்படித்தான் ஒருத்தன் தூக்கிட்டுப் போனான். நானும் இப்படித்தான் வந்தேன். எல்லாரும் முதல் நாள் இதையேதான் சொல்லுவாங்க. ஏ பெர்மெத், எண்ணெய் காயுது, மாவை உருட்டிப் போடலாம் வா. இவ திரைக்குப் பின்னாலயே இருக்கட்டும்.

— வரேன் அத்தை. பொண்ணு, ஜன்னல்ல கம்பி இருக்கு. வெளிய நாய் இருக்கு. கிறுக்குத்தனமா எதுவும் பண்ணிடாத, சரியா?

— சரிக்கா.

— அண்ணே… உலான் அண்ணே… எடுத்துட்டியா?

— சைகால்! எங்கடி போய்த் தொலைஞ்ச? அம்மா தலாஸ் டவுன் பூரா தேடிக்கிட்டு இருக்கா. ஏன் குசுகுசுங்கற?

— மெதுவாப் பேசு. கத்தாதே. தூக்கிட்டு வந்துட்டாங்கண்ணே. மினிபஸ் நிக்கற இடத்துல வெச்சு.

— யாரு? எந்த நாயி?

— தைமிராம். யாருன்னே எனக்குத் தெரியாது. திரைக்குப் பின்னால உக்கார வெச்சிருக்காங்க. முக்காடு எடுத்துட்டு வரப் போறாங்க. அண்ணே, சீக்கிரம் வந்துடு.

— அழாத. அழாதடி. எந்த ஊரு அது? நான் இப்பவே போலீஸைக் கூட்டிட்டு வரேன்.

— தெரியலண்ணே! வண்டியில தலையை அமுக்கிப் பிடிச்சுட்டாங்க, ஒண்ணுமே பார்க்கல. கேட்டேன், பேரைச் சொல்ல மாட்டேங்கறாங்க.

— இருக்கற இடத்தை ஃபோன்ல அனுப்பு.

— பார்த்துட்டேன். சுத்திக்கிட்டே இருக்கு. நெட்டு வரல, பேச மட்டும்தான் வருது.

— ஃபோனை எப்படி விட்டு வெச்சாங்க? கார்டைப் பிடுங்கலயா?

— ஓட்டையைத் தேடித் தேடிப் பார்த்தாங்க. கிடைக்கல. நம்பர் உள்ளேயே இருக்குன்னு அவங்களுக்குத் தெரியல. செத்த ஃபோன்னு நினைச்சுட்டு இருக்காங்க. நீ மட்டும் திருப்பி அடிச்சுடாதே அண்ணே. அடிச்சேன்னா இது உயிரோட இருக்குன்னு தெரிஞ்சுடும். நொறுக்கிடுவாங்க.

— அடிக்க மாட்டேன். லைனை வெட்டாம மடியில மறைச்சு வெச்சுக்க. நான் ஸ்டேஷன் வாசல்லதான் நிக்கறேன். ஊர் பேர் இல்லாம எங்கன்னு போறதுன்னுதான் இவங்களும் கேப்பாங்க. அவங்க வாயில இருந்து ஊர் பேரை வரவை. புரியுதா? பேர் மட்டும் வந்தாப் போதும்.

— வராங்க. யாரோ வராங்க…

— என்ன பொண்ணு, அப்பா என்ன சொல்றாரு?

— அக்கா! ஒண்ணுமில்லக்கா. சும்மா பார்த்துக்கிட்டு…

— இந்தா, இப்பதான் பொரிச்ச போர்சோக், சூடா நாலு சாப்பிடு. எண்ணெய் சொட்டுது பாரு. சாப்பிட மாட்டியா? நானும் முதல் நாள் சாப்பிடல. தண்ணி கூடக் குடிக்கல. அத்தைதான் வாயைத் திறந்து ஊத்தினாங்க.

— உங்களையும் தூக்கிட்டுத்தான் வந்தாங்களாக்கா?

— பின்ன, பல்லக்குலயா வந்தேன்? இப்போ பாரு, நல்லாத்தானே இருக்கேன்? ஆம்பளப் புள்ள பெத்துட்டேன். மாடு ஏழு கறக்கறேன். நீயும் பழகிக்குவ. நாம ரெண்டு பேரும் ஓரகத்திங்க, சண்டை போட்டுக்கிட்டே காலத்தை ஓட்டலாம்.

— அக்கா, இது என்ன ஊருக்கா? பேரை மட்டும் சொல்லுங்களேன். எங்க இருக்கேன்னு தெரிஞ்சா எனக்குக் கொஞ்சம் பயம் குறையும்.

— என்ன ஊரா? கரா-தெரெக்கைத் தெரியாத பொண்ணும் உண்டா? தலாஸ்ல இருந்து வந்தா பத்து நிமிஷம்தான், பெரிய பாலம் தாண்டின உடனே இடது கைப்பக்கம் திரும்பினா நம்ம ஊருதான்! எரிஞ்சு போன மாவு மில்லு ஒண்ணு நிக்கும். அதுக்குப் பின்னால பீன்ஸ் வயலோரமா கடைசி வீடு நம்மது. நீலக் கேட்டு! கேட்டு முன்னால சக்கரமில்லாத டிராக்டர் ஒண்ணு கிடக்கும். கண்ணைக் கட்டிட்டு வந்தாலும் தப்பாது!

— ஏன்டி பெர்மெத், எதுக்குடி இந்தக் கத்து கத்தற? அடுப்பங்கரை வரைக்கும் கேக்குது!

— புதுப் பொண்ணுக்கு ஊர்ப் பெருமை சொல்றேன் அத்தை!

— காலையில சொல்லலாம்னுதானேடி சொன்னேன்? வாயை அடக்கவே தெரியாது உனக்கு.

— தெரிஞ்சு இவ என்ன பண்ணப் போறா? ஜன்னலைத் திறந்து காக்காய்கிட்டயா சொல்லி அனுப்பப் போறா?

— நகரு. முக்காடு கொண்டு வந்துட்டேன். சைகால், தலையைக் குனி.

— வேண்டாம்மா… கொஞ்ச நேரம்… கொஞ்ச நேரம் கழிச்சு…

— குனின்னு சொன்னேன்! கையை எடு! பெர்மெத், இவ கையைப் பிடிடி!

— அத்தை, இந்த முக்காடா போடறீங்க? ஓரமெல்லாம் மஞ்சளா கறை இருக்கே. வெள்ளைத் துணியில கறையோட ஒரு பொண்ணு வாழ்க்கையை ஆரம்பிச்சா நல்லாவா இருக்கும்?

— எங்கடி கறை?

— இங்க பாருங்க, மடிப்புல. என் பெட்டியில புதுசு ஒண்ணு இருக்கு. அடியில வெச்சிருக்கேன், தேடி எடுத்துட்டு வரேன்.

— சீக்கிரம் வா. பொழுது சாய்ஞ்சுக்கிட்டு இருக்கு. என்னடி அது சத்தம்? ஹாரன் மாதிரி… உள்ளேயே கேட்ட மாதிரி இருந்துதே?

— ரோட்டுல லாரி போகுது அத்தை. காத்து இந்தப் பக்கம் அடிக்குது.

— ஏன் நீ இப்படி வெளுத்துப் போற சைகால்? ஹாரன் சத்தத்துக்கா பயம்?

— எல்லாத்துக்கும் பயமா இருக்கும்மா. உங்களைப் பார்த்தாலும் பயமா இருக்கு.

— என் மாமியாரைப் பார்த்து நானும் இப்படித்தான் நடுங்கினேன். ஓடலாம்னு எழுந்தேன். கிழவி வாசப்படியில குறுக்கே படுத்துட்டா. வயசானவளைத் தாண்டிப் போற பொண்ணு உருப்படுவாளா? அப்படியே உக்காந்துட்டேன். அதோட சரி, இத்தனை வருஷம் ஓடிப்போச்சு. பெர்மெத்! துணியை நெய்துக்கிட்டு இருக்கியாடி?

— கிடைச்சுடுச்சு அத்தை, வந்துட்டேன்! சாவிதான் கிடைக்கல.

— சாவி கிடைக்கலன்னா கிடைச்சுடுச்சுன்னு ஏன்டி சொல்ற? அறிவு கெட்டவளே. இரு… வாசல்ல வண்டி. நாய் ஏன் இப்படிக் குரைக்குது? தைமிர்! டேய், யாருடா அது?

— போலீஸ் வண்டி அத்தை. அதுக்குப் பின்னால ஒரு டாக்ஸி. சைகாலோட அண்ணன் போல இருக்கு, மூக்கு அப்படியே அவ மூக்கு.

— அண்ணே! உலான் அண்ணே!

— நகராத! நகராத சொல்லிட்டேன்! இதோ பாரு, நான் வாசப்படியில படுத்துட்டேன். எனக்கு அறுபது வயசாச்சு. என்னைத் தாண்டிப் போனா உன் வயித்துல ஒரு புள்ள தங்காது! சொல்லிட்டேன், தங்காது!

— அக்கா… நான் என்ன பண்ணட்டும்?

— தாண்டு.

— சாபம்க்கா…

— அன்னிக்கு இவங்க இதே இடத்துல படுத்துதான் என்னை நிறுத்தினாங்க. நான் தாண்டல. வாசல்ல எனக்குன்னு யாரும் வந்து நிக்கவும் இல்ல. உனக்கு நிக்கறாங்க. என் கையைப் பிடிச்சுக்க. கீழ பார்க்காத. தாண்டுடி!

— நீங்களும் வந்துடுங்கக்கா!

— என் புள்ள தொட்டில்ல தூங்குது. நீ ஓடு. ஓடு!

— பெர்மெத்! படுபாவி! கையைப் பிடிச்சு இறக்கி விடறியா? இது நம்ம ஊருக்கு ஆகாத சாமான்னு நீதானேடி சொன்ன? கார்டு இல்லாத ஃபோனுக்கு எப்படிடி ஆள் வந்தாங்க?

— அமெரிக்கா ஃபோனுக்குக் கார்டு உள்ளேயே இருக்கும் அத்தை. பட்டணத்துல கடையில நின்னவ, கடையில நின்னவன்னு சொல்லிக்கிட்டே இருக்கீங்க. அது என்ன கடைன்னு இந்த வீட்டுல ஒருத்தர் கூட என்னைக் கேட்டதில்ல. அது ஃபோன் கடை.