பிளானில் இல்லாத குழி

அப்ரூவல் வாங்கிய பிளானில் இருக்கிறபடியே கட்டி முடித்த வீடு ஒன்றை, கோவில்பட்டி வட்டாரத்தில் இந்த முப்பத்தைந்து வருடத்தில் நான் பார்த்ததில்லை. சுவர் லிண்டல் மட்டத்துக்கு வந்ததும் யோசனை சொல்ல வீட்டுக்காரருக்கு ஒரு மச்சான் வந்து சேருவார். மாடிப்படி இடம் மாறும், சமையலறை சாமியறையாகும். கொத்தனார் பிழைப்பில் பாதி, கட்டினதை இடிப்பதுதான். அதனால் பிளானை மாற்றினேன் என்று நீங்கள் என்மேல் எழுதினால் எனக்கு வருத்தமில்லை ஐயா. இஞ்சினியர் காவியாமேல் எழுத வேண்டாம். அந்தப் பிள்ளை வரைந்தது சரியான பிளான். மாற்றியது தேவஆசீர்வாதமாகிய நான். அதைச் சொல்லத்தான் நானே ஸ்டேஷனுக்கு வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

என் மனைக்குக் கிழக்கே ஒட்டினாற்போல் இருந்தது என் தம்பி ஜெஸ்டின் வீடு. அப்பா கட்டியது. கட்டியது என்றால், காசு அவருடையது. அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியதிலிருந்து வெள்ளையடித்தது வரை நான். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. கரிசல் மண் தண்ணீர் குடித்தால் வீங்கும், காய்ந்தால் வெடிக்கும். அதில் வீடு நிற்க வேண்டுமானால் ஆறடி தோண்டி, கீழே கெட்டியாக இருக்கிற சுக்கான் தரையைத் தொட்டு, மணலும் சரளையும் கொட்டி எழுப்ப வேண்டும். இரண்டரை அடியிலேயே அப்பா, "போதும்லே, அரமனையா கெட்டுதோம்?" என்றார். அந்த வீட்டின் கால் எவ்வளவு ஆழம் என்று தெரிந்தவர்களில் உயிரோடு இருப்பது நான் ஒருவன்தான்.

வீட்டுப் பிரதிஷ்டைக்குப் போதகர் வந்து ஜெபித்து முடித்ததும், அப்பா ஒரு கல்லை எடுத்து என் கையில் கொடுத்தார். 'ஜெஸ்டின் இல்லம்' என்று வெட்டியிருந்தது. வாசலில் அதைப் பதித்துப் பூசியதும் நான்தான். எனக்கு ஒதுக்கியது பக்கத்துக் காலியிடம், கருவேல முள்ளோடு. படித்தவனுக்கு வீடு, கொத்துக்கரண்டி பிடித்தவனுக்கு முள். எனக்கு எரிந்தது. இன்றும் எரிகிறது.

தம்பி நாலு வருடத்துக்கு முன் நெஞ்சுவலியில் போய்விட்டான். அவன் மனைவி அஞ்சலினும் மகள் ரூபியும் அந்த வீட்டில் இருந்தார்கள். அஞ்சலின் கடலைமிட்டாய்க் கம்பெனியில் பாக்கெட் போடப் போகிறவள். வீட்டை எனக்குக் கொடு, காலியிடத்தை நீ எடுத்துக்கொள் என்று முறையாகத்தான் கேட்டேன். "அவிய இருந்த வீடு அத்தான். ரூபி படிச்சு முடிக்கட்டும், பொறவு பாப்போம்" என்றாள். அவள் கோபப்படவில்லை, நானும் கோபப்படவில்லை. போன வருடம் என் இடத்திலேயே வானம் தோண்டினேன். ஆறடி.

பிளானில் கழிவுத் தண்ணீர்க் குழி பின்பக்கம், மேற்கு மூலையில் இருந்தது. சுவர் பாதி எழும்பியிருந்தபோது அதைக் கிழக்கே, அஞ்சலின் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளித் தோண்டினேன். மேற்பார்வைக்கு வந்த காவியா பார்த்துவிட்டாள்.

"அண்ணாச்சி, குழி பின்னாடில்லா வரணும்? இங்கன ஏன் தோண்டுதீங்க?"

"அந்த மூலை வாஸ்துக்கு ஆகாதும்மா."

"வேதக்காரவியளுக்குமா வாஸ்து?"

"எந்த மதத்துக்காரன் வீடுன்னாலும் மூலை நாலுதானம்மா."

சிரித்துவிட்டாள். மாற்றினதைத் திருத்தி மறுபடி ஆபீசில் கொடுக்க வேண்டும் என்று மட்டும் இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனாள். நான் கொடுக்கவில்லை.

குழியில் என் பக்கம் காங்கிரீட் சுவர் எழுப்பினேன். அஞ்சலின் பக்கம் வெறும் மண்ணாகவே விட்டேன். கட்டடத்தை நனைக்கிற தண்ணீர் முழுவதும் தினமும் அதில்தான் இறங்கியது. யாரையும் நான் கை நீட்டி அடித்ததில்லை ஐயா. தண்ணீர் விட்டேன், அவ்வளவுதான்.

சித்திரையில் அஞ்சலின் வந்து நின்றாள். "அத்தான், செவுத்துல வெரலு போற அளவுக்கு வெடிச்சிருக்கு. ஒரு எட்டு வந்து பாருங்களேன்."

"கரிசல்ல வெடிக்காத வீடு எங்க இருக்கு? பூசிருவோம்" என்றேன். என் சிமெண்டைக் கொண்டுபோய் வெடிப்பை அடைத்து, மேலே வெள்ளையும் அடித்தேன். கூலி வாங்கவில்லை. காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "நீங்க இல்லன்னா எங்களுக்கு யாரு இருக்கா அத்தான்" என்றாள். அந்தக் காப்பியைக் குடித்தேன்.

அவளுக்கு நான் கெடுதல் நினைக்கவில்லை. வீடு சாய்ந்தால் புதூரில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவாள், இடம் எனக்கு வரும் என்பதுதான் என் எண்ணம். சுவர் என்றைக்கு விழும் என்று எந்தக் கொத்தனாராலும் சொல்ல முடியாது. ஐப்பசி மழை ஆறு நாள் விடாமல் பெய்து, செவ்வாய்க்கிழமை மத்தியானம் விழுந்தது. ரூபி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அஞ்சலின் காய்ச்சலென்று வேலைக்குப் போகாமல் படுத்திருந்தாள். செங்கல்லை அகற்றி அவளை வெளியே எடுத்தவர்களில் நானும் ஒருவன். மூச்சு இல்லை. ரூபி இப்போது எங்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறாள்.

மழையில் விழுந்த பழைய வீடு என்று நீங்களும் முடித்திருப்பீர்கள். அதற்குள் பிளானில் இல்லாத குழியை யாரோ காட்ட, காவியாவைக் கூப்பிட்டு விசாரிக்கிறீர்கள். என் கைவேலை இன்னொருவர் பெயரில் போவதை ஒருமுறை பொறுத்தாயிற்று. இன்னொரு முறை முடியாது.

ஒன்று விட்டுப்போயிற்று. என் வீட்டுக்காரியிடம்கூட இதைச் சொல்லவில்லை. சுவர் விழுந்ததற்கு முதல் நாள், திங்கட்கிழமை, அஞ்சலின் என்னைக் கூப்பிட்டாள். கிழக்குப் பக்கம் ஓடு ஒழுகிப் படுக்கையெல்லாம் நனைந்திருந்தது. உள்ளே போனதும் நான் பார்த்தது மேற்குச் சுவரைத்தான். தூக்குக்குண்டு பிடிக்காமலே தெரிந்தது, இரண்டு விரல் அளவு உள்ளே சாய்ந்திருந்தது.

"கட்டில எங்கன போட அத்தான்?" என்றாள்.

"மேக்குச் செவரோரமாப் போடு. அதத்தான் நான் நல்லாப் பூசியிருக்கேன்லா" என்றேன்.

பழைய மரக்கட்டில், நல்ல கனம். தலைமாட்டை அவள் பிடித்தாள். கால்மாட்டை நான் பிடித்தேன்.