எரியாத மருந்து

எங்கள் கல்லூரியின் சாயக்கூடத்தில் இருக்கும் பிரிட்ஜ் பழையது. கதவை முழங்காலால் ஒரு தள்ளுத் தள்ளினால்தான் மூடும். சாயப் போத்தல்களோடு பிள்ளைகள் தயிர்ச் சட்டியையும் உள்ளே வைப்பார்கள். எதை எந்தத் தட்டில் வைக்க வேண்டுமென்று எழுதிக் கதவில் ஒட்டியவள் நான்தான். நான் கவனக்குறைவான ஆள் இல்லை என்பதை இந்த வாக்குமூலத்தில் நீங்கள் முதலிலேயே எழுதிக்கொண்டால் நல்லது. தவறுதலாக நடந்திருக்கும் என்று அம்மா உங்களிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அம்மாவுக்கு எதுவும் தெரியாது.

அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு மாற்றலாகி வந்தபோது எனக்கு ஆறு வயது. அன்றிலிருந்து அம்பிட்டியவில்தான் இருக்கிறோம். கல்லூரியில் துணி வடிவமைப்புப் பிரிவுக்கு என்னை எடுத்தபோது, வரைதலில் எனக்குத்தான் முதலிடம். றம்லத் பட்டியலில் கடைசிக்கு முதல் ஆள். மடவளையிலிருந்து பஸ்ஸில் வருவாள். வாப்பா இல்லை. உம்மா ரபீகா வீட்டில் உடுப்புத் தைத்துக் கொடுப்பவர். முதல் நாளே எனக்குப் பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்தாள். அவள் மனித உருவம் வரைந்தால் ஒரு கை மற்றதைவிட நீண்டுவிடும். நான்தான் திருத்திக் கொடுப்பேன். அந்த நாட்களில் அவளை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இரண்டாம் ஆண்டில் பாலேந்திரன் சேர் ஒரு பயிற்சி கொடுத்தார். பின்னேரம் ஐந்து மணிக்குக் கண்டி வாவித் தண்ணீர் என்ன நிறமோ, அதைத் துணியில் தோய்த்துக் கொண்டுவர வேண்டும். நான் மூன்று நாள் வாவிக்கரையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். என் துணியில் ஒரு திட்டு, ஒரு கறை கிடையாது. றம்லத் கைக்குட்டை அளவில் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். சேர் என்னுடையதை மேசையில் வைத்தார். அவளுடையதை யன்னலடிக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தார்.

“கோசலா, உம்மட வேலை நல்ல சுத்தம்,” என்றார் கடைசியில். “றம்லத் பாக்கிறா.”

அவள் பார்க்கிறாள் என்றால், நான் என்ன செய்கிறேன் என்று அவர் சொல்லியிருக்கலாம்.

எங்கள் வீட்டுக்கு வந்தபோது அந்தக் கைக்குட்டைத் துணியை றம்லத் என் அம்மாவுக்குக் கொடுத்தாள். அம்மா அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு விறாந்தைச் சுவரில் மாட்டினா. அந்த ஆணியில் அதுவரை தொங்கியது, மாகாணப் போட்டியில் பரிசு வாங்கிய என் படம். “அது பழுதாப் போகும் பிள்ளை, அலுமாரிக்குள்ள பத்திரமா வச்சிருக்கிறன்,” என்றா. நான் ஓம் என்றேன். பிறகு கல்லூரிக்குப் போகும்போதெல்லாம் அந்தத் துணியைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. அதில் உண்மையிலேயே தண்ணீர் இருந்தது. அதை நான் மறுக்கவில்லை.

இனி மருந்தைப் பற்றிச் சொல்கிறேன்.

மூன்றாம் ஆண்டு தொடக்கத்தில் றம்லத்துக்குக் கண்ணில் அழுத்தம் கூடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். இந்த வயதில் வருவது குறைவாம். நோவு இருக்காது. மருந்து விடாவிட்டால் ஓரத்திலிருந்து பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போகும், போனது திரும்ப வராது என்று டொக்டர் சொன்னார். கூடப் போயிருந்த நான் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். காலையும் மாலையும் ஒவ்வொரு சொட்டு. கிழமை நாட்களில் அந்த இரண்டு நேரமும் அவள் கல்லூரியில்தான் இருப்பாள்; சனி, ஞாயிறில் போத்தலை வீட்டுக்குக் கொண்டுபோவாள், உம்மா விடுவார்.

“எனக்கு விட ஏலாது, கோசலா. கண்ணு தானா மூடிக்கொள்ளுது,” என்றாள். “நீ விட்டுத் தாறியா?”

விட்டேன். சாயக்கூடத்துக் கதிரையில் தலையைச் சாய்த்து உட்காருவாள். நான் இமையை விரலால் விரித்துப் பிடிப்பேன். மருந்து பட்டதும் எரியும். என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். முதல் இரண்டு மாதமும் உண்மையான மருந்தைத்தான் விட்டேன். ஒருநாள்கூடத் தவறவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பெப்ரவரியில் இறுதிக் கண்காட்சிக்கு யாருடைய துணிகளை நடு மண்டபத்தில் தொங்கவிடுவது என்று முடிவாயிற்று. அறிவித்தல் பலகையில் அவள் பெயர் இருந்தது. அன்று மாலையும் அவள் வழக்கம்போல் கதிரையில் சாய்ந்தாள். அவ்வளவு கிட்டத்தில் அந்தக் கண்களைப் பார்க்கும்போது, அவற்றில் என்னுடையதைவிட மேலாக ஒன்றும் தெரியவில்லை. சாதாரணக் கபிலக் கண்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

புதுப் போத்தல் வாங்கும் வேலையும் என்னுடையதுதான். பார்மசி என் வழியில் இருந்தது. அடுத்த போத்தலை வாங்கி, உள்ளே இருந்ததை ஊற்றிவிட்டு, ஆறவைத்த தண்ணீரை நிரப்பி, பிரிட்ஜில் அவள் மருந்துக்கென்று ஒதுக்கியிருந்த அதே தட்டில் வைத்தேன்.

இரண்டாம் நாளே றம்லத் சொன்னாள், “இப்ப எரியிறல்ல. பழகிட்டு போல ஈக்கு.”

“ஓம், பழகியிருக்கும்,” என்றேன். அவளுக்கு நோவு குறைந்ததில் எனக்கும் ஆறுதலாக இருந்தது. இதைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

மே மாத கிளினிக்கில் அழுத்தம் கூடியிருந்தது. டொக்டர் எங்கள் இருவரையும் பார்த்து, மருந்து ஒழுங்காக விடுகிறீர்களா என்று கேட்டார். “ஓம் டொக்டர், நான்தான் விடுறன்,” என்றேன். அவர் என்னைப் பாராட்டினார். இன்னொரு மருந்தும் எழுதித் தந்தார். அதையும் மாற்றினேன். தேவைப்பட்டால் ஒப்பரேஷன் செய்யலாம் என்றார். கண்காட்சி முடியட்டும், அவசரப்படத் தேவையில்லை என்று றம்லத்துக்குச் சொன்னவளும் நான்தான். நான் சொல்வதை அவள் கேட்பாள்.

ஓகஸ்டில் அவள் படிகளில் தடுக்கத் தொடங்கினாள். குழாய்க்குள்ளால் பார்ப்பதுபோல் இருக்கிறது என்றாள். நீலமும் பச்சையும் ஒன்றாகத் தெரிகிறது என்றாள். உம்மாவிடம் சொல்லவேண்டாம், படிப்பை நிறுத்திவிடுவார் என்று என்னைக் கெஞ்சிக் கேட்டாள். நான் சொல்லவில்லை. கையைப் பிடித்து பஸ் ஏற்றினேன். மடவளை வீட்டுக்குக் கூட்டிப்போய் விட்டபோது ரபீகா உம்மா எனக்குச் சோறு போட்டு, “ஒங்கட கையில அவள ஒப்படைச்சிட்டன் மகள்,” என்றார். வயிறு நிறையச் சாப்பிட்டேன். அந்த இரண்டு மாதமும் றம்லத்துக்கு என்னைவிட்டால் யாருமில்லை. எங்களுக்குள் ஒரு சண்டைகூட வரவில்லை.

கண்காட்சிக்கு ஏழு நீளத் துணிகள் செய்ய வேண்டும். சாயத் தொட்டியடியில் நின்று ஒவ்வொரு தடவையும் என்னிடம் கேட்பாள். “இது பச்சையா நீலமா, கோசலா?” நீலமாக இருந்தால் பச்சை என்றேன். காவி கூடியிருந்தால் போதாது, இன்னும் போடு என்றேன். அவள் அப்படியே செய்தாள். ஏழும் காய்ந்து தொங்கியபோது எனக்கே பார்க்கக் கூச்சமாக இருந்தது. ஒன்றோடொன்று சேராத நிறங்கள். இனிச் சேர் அவளைப் பற்றி ‘பாக்கிறா’ என்று சொல்லமாட்டார் என்று நினைத்தேன்.

தொடக்க நாளில் பாலேந்திரன் சேர் அந்தத் துணிகளுக்கு நடுவில் போய் நின்றார். நான் பின்னால் நின்றேன்.

“மழைக்குப் பிறகு கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கீழ மகாவலி இப்பிடித்தான் வரும்,” என்றார் மெதுவாக. “இந்த நிறங்களை ஒண்டாச் சேர்க்க எனக்குத் துணிவு வராது.”

கொழும்பிலிருந்து வந்திருந்த நடுவர்களும் அதையே சொன்னார்கள். றம்லத் யார் முகத்தையும் சரியாகப் பார்க்க முடியாமல் சிரித்துக்கொண்டு நின்றாள். முதற்பரிசுக்கான அட்டையை அவள் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டது நான்.

அடுத்த வார இறுதியில் அவள் மருந்தைக் கல்லூரியில் மறந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். ரபீகா உம்மா கட்டுகஸ்தோட்டையில் புதுப் போத்தல் வாங்கிக் கண்ணில் விட்டிருக்கிறார். திங்கட்கிழமை றம்லத் என்னிடம் சொன்னாள்.

“உம்மா வாங்கினது எரியுது, கோசலா.”

“வேற கொம்பனியா இருக்கும்.”

“பேரு ஒண்ணுதான். உம்மா வாசிச்சுப் பார்த்தாங்க.”

அவள் கதிரையிலிருந்து எழுந்தாள். பிறகு பிரிட்ஜைத் தடவித் திறந்து, இரண்டு போத்தல்களையும் எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். வாசலில் நான் வழக்கம்போல் கையை நீட்டினேன். “வாணாம்,” என்றாள். அவ்வளவுதான். சுவரைத் தொட்டுத் தொட்டு, பத்தொன்பது படியும் தனியாக இறங்கினாள். ஒவ்வொரு படிக்கும் முதலில் ஒரு காலால் துழாவினாள். விழுந்துவிடுவாளோ என்று பயந்து, மேலே நின்று படிகளை எண்ணினேன்.

கிளினிக்கில் போத்தல்களைச் சோதித்தது, உங்களுக்கு அறிவித்தது எல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. வலது கண்ணில் ஒன்றும் மிச்சமில்லை, இடது கண்ணில் நடுவில் கொஞ்சம் இருக்கிறது என்று நேற்று நீங்கள் வாசித்துக் காட்டினீர்கள். அதைச் செய்தது நான். பெப்ரவரி தொடக்கம் ஒக்டோபர் வரை, தெரிந்து, காலையும் மாலையும், என் கையால் செய்தேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஏழு துணிகளையும் கொழும்புக்குக் கொண்டுபோகிறார்களாம். நிறம் எல்லாம் நான் சொன்னது, அவள் தோய்த்தது மட்டும்தான். துணிகளோடு போகும் அட்டையில் ஒரு பெயர்தான் இருக்கிறது. பாலேந்திரன் சேருக்குச் சொல்லி அதைத் திருத்தச் சொல்லுங்கள். றம்லத் நல்ல பிள்ளை, கேட்டால் ஆட்சேபிக்கமாட்டாள்.